ரேடியேட்டரில் காற்றும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை என்றால்

நீங்கள் எழுதியிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். லண்டன் ஹாரோ பக்கம் வரிசை வீடு, சமையலறையில் காம்பி பாய்லர் (ரேடியேட்டருக்கும் குழாய்ச் சுடுநீருக்கும் ஒரே கருவி). உங்களுக்கு முன் இருந்தவர்கள் கூரைக்கு அடியில் ஓர் அறை எடுத்திருக்கிறார்கள். அந்த அறை ரேடியேட்டரின் அடிப்பாதி சுடுகிறது, மேல்பாதி சில்லென்று இருக்கிறது. காற்றை வெளியே விடும் ப்ளீட் வால்வை அதன் சாவியால் திருப்பினால் இரண்டு மூன்று விநாடி 'உஸ்' என்கிறது, அப்புறம் சத்தமில்லை, தண்ணீர் ஒரு சொட்டுகூட வருவதில்லை. வாரம் தவறாமல் இதையே செய்தும் பலனில்லை. சாவியில் கோளாறா, ரேடியேட்டரையே மாற்ற வேண்டுமா, தானாகக் காற்றை விடும் வால்வு ஒன்று போட்டால் தீருமா என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாவியைத் திருப்பினால் ஏன் தண்ணீர் வருவதில்லை என்பது ஒன்று. வாரா வாரம் அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பெரும்பாலும் நீங்களே இன்று சாயங்காலம் விடை கண்டுவிடலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஒருவேளை ஆள் கூப்பிடவும் வேண்டியிருக்கும். லண்டனில் ஹீட்டிங் வேலை பார்த்துப் பல வருடமாகிறது. இதே புகாரோடு வரும் அழைப்புகளில் ரேடியேட்டரை மாற்ற வேண்டிவந்தது மிக அபூர்வம், அதனால் அந்தச் செலவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒரு விவரம் இல்லை: பாய்லரில் இருக்கும் அழுத்தமானியின் முள் எந்த எண்ணில் நிற்கிறது? சாவியைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது அதைத்தான். ப்ளீட் வால்வு காற்றை உறிஞ்சி எடுக்கும் கருவி இல்லை, வெறும் ஓட்டை. உள்ளே இருக்கும் தண்ணீர் கீழிருந்து தள்ளினால்தான் காற்று அந்த ஓட்டை வழியாக வெளியே போகும். 1 பார் அழுத்தம் தண்ணீரை ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும். உங்கள் சமையலறை பாய்லரிலிருந்து கூரை அறை ரேடியேட்டரின் தலைவரை தோராயமாக 5 மீட்டர் இருக்கும். அப்படியென்றால் தண்ணீர் அங்கே எட்டுவதற்கே 0.5 பார் செலவாகிவிடுகிறது. முள் 0.6-ல் நிற்கிறது என்று வையுங்கள். சாவியைத் திறந்ததும் மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச அழுத்தம் 'உஸ்' என்று வெளியேறும், உள்ளும் வெளியும் சமமாகிவிடும், அதோடு நின்றுவிடும். ஊரில் கார்ப்பரேஷன் தண்ணீர் கீழ் வீட்டுக் குழாயில் கொட்டும்போது மாடிக் குழாய் வறண்டு கிடக்குமே, அதே கதைதான். கீழ் அறைகளில் எல்லா ரேடியேட்டரும் ஒழுங்காகச் சுடுவதால் வீட்டில் அழுத்தம் குறைவு என்ற சந்தேகமே யாருக்கும் வருவதில்லை.

முள் 0.5-க்கும் கீழே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது கூரை அறை ரேடியேட்டரின் உச்சியில் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவு. சாவியைத் திறந்தால் காற்று வெளியே போகாது, உள்ளே வரும். இதில் ஆளை ஏமாற்றுவது அந்தச் சத்தம். உள்ளே இழுக்கும் 'உஸ்'ஸும் வெளியே போகும் 'உஸ்'ஸும் காதுக்கு ஒன்றுதான். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் வீட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் எல்லா ரேடியேட்டரிலும் காற்று எடுத்துக்கொண்டிருந்தார், மாடி அறை மட்டும் நாளுக்கு நாள் அதிகமாகக் குளிர்ந்தது. டிஷ்யூ பேப்பரில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்து, சாவியைத் திறந்தபடி அந்த ஓட்டைக்கு முன்னால் தொங்கவிட்டேன். படபடவென்று பறக்க வேண்டிய பேப்பர் வால்வின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் காற்றை எடுக்கவில்லை, வாரம் ஒரு தடவை ஏற்றிக்கொண்டிருந்தார். நீங்களும் இந்தப் பேப்பர் சோதனையைச் செய்து பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை, பொய்யும் சொல்லாது.

இப்போது செய்முறை. ஹீட்டிங்கை அணைத்துவிட்டு ரேடியேட்டர்கள் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். சூடான தண்ணீர் கையில் பீய்ச்சும் என்பது ஒரு காரணம். பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் சில இடங்களில் அதுவே வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும் என்பது இன்னொன்று. ஆறிய பிறகு முள்ளைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறிய நிலையில் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும், உங்களைப் போல மூன்று தளம் உள்ள வீட்டில் நான் 1.5-ஐ ஒட்டியே வைப்பேன். குறைந்திருந்தால் ஃபில்லிங் லூப் வழியாக ஏற்ற வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பாய்லருக்கு அடியில், வெள்ளிக் கம்பி பின்னிய ஒரு குட்டிக் குழாய்தான் அது. இரு முனையிலோ ஒரு முனையிலோ சின்னத் திருகு இருக்கும். சில புதிய பாய்லர்களில் குழாய்க்குப் பதில் ஒரு நெம்புகோலோ பிளாஸ்டிக் சாவியோ இருக்கும், பாய்லரோடு வந்த கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். மெதுவாகத் திறங்கள், தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும், முள் ஏறும். 1.5 வந்ததும் எல்லாத் திருகையும் இறுக மூடுங்கள். திறந்தபடி விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாய் வழியாகத் தண்ணீரைக் கொட்டிவிடும், ஒருமுறை அப்படித் திறந்த பழைய வால்வு பிறகு சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருப்பதும் உண்டு.

பிறகு கீழ்த்தளத்திலிருந்து ஆரம்பித்து மேலே போங்கள். சாவியை இடப்பக்கமாகக் கால் திருப்பு, மிஞ்சினால் அரைத் திருப்பு திருப்பினால் போதும். திருகை முழுக்கக் கழற்றிவிடக் கூடாது, அழுத்தத்தில் இருக்கும் தண்ணீரோடு அது கையிலிருந்து நழுவினால் திரும்பப் பொருத்துவதற்குள் கம்பளம் கறுத்துவிடும். அடியில் ஒரு வெள்ளைக் கிண்ணமும் பழைய துணியும் பிடியுங்கள். கிண்ணம் வெள்ளையாக இருக்கட்டும் என்பதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். காற்று போகப் போக அழுத்தம் இறங்கும். கூரை அறை ரேடியேட்டரில் பாதிக்குக் காற்று நிற்கிறது என்றால் ஒரே மூச்சில் முடியாது. சத்தம் மெலிந்ததும் சாவியை மூடி, கீழே போய் மறுபடி 1.5-க்கு ஏற்றி, திரும்ப வந்து திறக்க வேண்டும். வீட்டில் இன்னொருவர் பாய்லர் பக்கம் நின்று முள்ளைப் பார்த்துக் குரல் கொடுத்தால் படியேறும் வேலை மிச்சம். தண்ணீர் விட்டு விட்டுத் துப்பாமல் சீராக வந்ததும் மூடிவிடுங்கள். முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம், பித்தளைத் திருகின் சதுர முனை மழுங்கிப்போகும்.

முள் சரியாக 1.5-ல் இருந்தும் ஒன்றுமே வரவில்லை என்றால்தான் ரேடியேட்டர் பக்கம் போக வேண்டும். முதலில் இரு பக்க வால்வுகள். எண் போட்ட தலையோடு இருப்பது டி.ஆர்.வி. (அறையின் சூட்டைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் வால்வு), மறுபக்கம் மூடி போட்டிருப்பது லாக்‌ஷீல்டு. இரண்டும் மூடியிருந்தால் தண்ணீர் வர வழியே இல்லை. டி.ஆர்.வி. தலையைக் கழற்றினால் நடுவில் ஒரு சின்ன முனை தெரியும். அதைத் தட்டையான ஏதாவது ஒன்றால் மெல்ல அழுத்தினால் உள்ளே போய்த் தானே மேலே வர வேண்டும். கோடை முழுக்க அசையாமல் கிடந்தால் அது கீழேயே சிக்கிக்கொள்ளும், பக்கவாட்டில் லேசாகத் தட்டி அழுத்தி விட்டால் பெரும்பாலும் விடுபடும். அதைக் குறடால் பிடித்து மேலே இழுக்க மட்டும் வேண்டாம், கையோடு வந்துவிட்டால் அறையில் வெள்ளம்தான். உங்கள் விஷயத்தில் அடிப்பாதி சுடுகிறது, ஆகவே இரண்டும் மூடியிருக்க வாய்ப்பில்லை. இதை நிச்சயமாகவே சொல்கிறேன்.

அடுத்தது ப்ளீட் ஓட்டையின் அடைப்பு. சுவருக்கு அடித்த பெயின்ட் திருகின் மேல் படிந்து ஓட்டை மூடியிருக்கும், அல்லது உள்ளிருந்து கறுப்புக் கசடு அடைத்திருக்கும். அப்படியானால் 'உஸ்' என்ற சத்தமே முதலில் கேட்காது. உங்களுக்குக் கேட்கிறது, அதனால் இதையும் பின்னுக்குத் தள்ளுகிறேன். ஆனாலும் முழுக்க விலக்கவில்லை, பாதி அடைபட்ட ஓட்டை காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுப்பதும் உண்டு. சுத்தம் செய்ய வேண்டுமானால் இரு பக்க வால்வையும் மூடி (லாக்‌ஷீல்டை எத்தனை திருப்பில் மூடினீர்கள் என்று எழுதி வையுங்கள், அதே அளவு திறந்தால்தான் மற்ற அறைகளின் சூட்டுப் பங்கீடு குலையாது), திருகைக் கழற்றி, மெல்லிய கம்பியால் ஓட்டையைக் குத்தி எடுக்கலாம். பழைய வால்வுகள் மூடிய பிறகும் தண்ணீரைக் கசியவிடும் என்பது இதில் உள்ள அபாயம். திருகைத் தளர்த்தியதும் வரும் தண்ணீர் சில விநாடிகளில் தணியவில்லை என்றால் உடனே இறுக்கிவிட்டு விட்டுவிடுங்கள். திருகின் சதுரம் மழுங்கியிருந்தால் திருகைத் தாங்கும் அரை அங்குல அடைப்பானோடு சேர்த்தே மாற்றிவிடலாம், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற சாதாரணச் சாமான்தான் அது.

இனி இரண்டாவது கேள்வி, எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். உங்களுடையதைப் போல வெளிக்காற்றுக்குத் திறக்காமல் அழுத்தத்தில் ஓடும் மூடிய அமைப்புக்குள் வாயு சேர மூன்று வழிகள்தான் உண்டு. புதிதாக ஏற்றிய தண்ணீரோடு கரைந்து வந்திருக்கலாம். எங்கிருந்தோ உள்ளே இழுக்கப்பட்டிருக்கலாம். அல்லது உள்ளேயே உண்டாகியிருக்கலாம். முதல்வகை இயல்பானது. குழாய்த் தண்ணீரில் காற்று கரைந்திருக்கும், சூடானதும் பிரிந்து மேலே சேரும். நிறையத் தண்ணீர் ஏற்றிய பிறகு முதல் இரண்டொரு வாரம் மேல் ரேடியேட்டரில் கொஞ்சம் காற்று வருவது அதனால்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அது இயல்பில்லை.

உள்ளேயே உண்டாகும் வாயு ஹைட்ரஜன். ரேடியேட்டர் எஃகுத் தகடு. தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் அரிப்பு நடந்துகொண்டுதான் இருக்கும், அப்போது எஃகு மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறி ஹைட்ரஜனை வெளியே விடும். வெள்ளைக் கிண்ணம் எதற்கு என்றால் இதற்குத்தான். வந்த தண்ணீர் தெளிவாகவோ லேசான பழுப்பாகவோ இருந்தால் நல்லது. மை கரைத்தது போலிருந்தால் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை அடியில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். அடியில் தங்கிய கறுப்புப் பொடி காந்தத்தின் பின்னாலேயே கோடு போட்டுக்கொண்டு போகும். உங்கள் ரேடியேட்டர் உள்ளிருந்து கரைகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பழைய ஆட்கள் சிலர் ப்ளீட் ஓட்டையில் தீக்குச்சி காட்டி, வாயு எரிகிறதா என்று பார்ப்பார்கள். ஹைட்ரஜன் எரியும் என்பது உண்மை, அதனாலேயே அதைச் செய்யாதீர்கள். காற்று எடுக்கும்போது பக்கத்தில் மெழுகுவர்த்தியோ சிகரெட்டோ வேண்டாம், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

இதற்கு மருந்து இன்ஹிபிட்டர் என்ற அரிப்புத்தடுப்புத் திரவம். ஃபெர்னாக்ஸ், சென்டினல் போன்ற பெயர்களில் வருகிறது, சாதாரண வீட்டுக்கு 500 மில்லி புட்டி ஒன்று போதும், பெரிய வீடென்றால் புட்டியில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். பி.எஸ். 7593 என்ற பிரிட்டிஷ் தரக்குறிப்பின் 2019 பதிப்பு இன்ஹிபிட்டரோடு காந்த வடிகட்டியையும் கேட்கிறது, இன்ஹிபிட்டரின் அளவை வருடம் ஒருமுறை சோதிக்கவும் சொல்கிறது. வீடு வாங்கிய பிறகு யாராவது இதைப் பார்த்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். வாராவாரம் புதுத் தண்ணீர் ஏற்றும் வீட்டில் இன்ஹிபிட்டர் நீர்த்துக்கொண்டே போகும், புது ஆக்சிஜனும் லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே தண்ணீர் ஏற்றுவது இன்றைய குளிருக்குத் தீர்வு, அதுவே வழக்கமானால் நோயை வளர்க்கும். பவர்ஃப்ளஷ் (இயந்திரத்தால் தண்ணீரை வேகமாகச் செலுத்திக் கசடைக் கழுவி எடுப்பது) செய்தே ஆக வேண்டும் என்று யாராவது உடனே சொன்னால் அவசரப்படாதீர்கள். கசடு கனமானது, அடியில்தான் தங்கும். கசடு நிறைந்த ரேடியேட்டர் மேலே சுட்டு அடி நடுவில் குளிர்ந்திருக்கும். உங்களுடையது அதற்கு நேர் எதிர்.

சரி, தண்ணீர் எங்கே போகிறது? 1.5-க்கு ஏற்றி, காற்றையெல்லாம் எடுத்து முடித்த பிறகு தினமும் காலையில் ஹீட்டிங் எரியுமுன் முள்ளைப் பாருங்கள். ஒரு வாரம் அசையாமல் நின்றால் கசிவு இல்லை, வேலை முடிந்தது. இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ போகிறது. ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வின் நட்டுக்கு அடியிலும் விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் இல்லாவிட்டாலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொருக்குத் தட்டியிருந்தால் அங்கே மெல்லக் கசிந்து காய்கிறது என்று அர்த்தம். பிறகு வெளியே போய், பாய்லருக்குப் பின்பக்கச் சுவரில் கீழ்நோக்கி அல்லது சுவரை நோக்கி வளைந்திருக்கும் செம்புக் குழாயைப் பாருங்கள். மழையில்லாத நாளில் அதன் வாய்க்குக் கீழே ஈரத் தடம் இருந்தால் பாதுகாப்பு வால்வு வழியாகத் தண்ணீர் போகிறது. அதோடு, ஆறியபோது 1-ல் இருக்கும் முள் ஹீட்டிங் எரியும்போது 3-ஐ நெருங்கினால் பெரும்பாலும் விரிவுக் கலம் (சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும், ஒரு பக்கம் காற்று அடைத்த கலம்) காற்றிழந்திருக்கிறது. ஆரோக்கியமான அமைப்பில் சூடானதும் முள் 2 பக்கம் போய் நிற்கும். மேலே எதுவுமே ஈரமில்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால் மிச்சம் இரண்டு: தரைக்கு அடியில் போகும் குழாய், இல்லையென்றால் பாய்லருக்குள் இருக்கும் வெப்பமாற்றி. பாய்லரின் அடி வால்வுகளை இரவு மூடி வைத்து, காலையில் எந்தப் பக்கம் அழுத்தம் இறங்கியது என்று பார்த்து இன்ஜினியர் அதைப் பிரித்துச் சொல்லுவார்.

உங்கள் அமைப்பு மூடியது என்று நான் வைத்துக்கொண்டதற்குக் காரணம் காம்பி பாய்லர் என்று நீங்கள் சொன்னது. இதைப் படிக்கும் மற்றவர்கள் வீட்டில் அழுத்தமானியே இல்லாமல், கூரைக்கு அடியில் சின்னத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கணக்கு வேறு. அங்கே தொட்டியின் உயரம்தான் அழுத்தம். மிதவை வால்வு சிக்கித் தொட்டி வறண்டிருந்தால் மாடி ரேடியேட்டர்கள்தான் முதலில் காயும், மிதவையை மெல்ல அசைத்துவிட்டால் தண்ணீர் வரத் தொடங்கும். தொட்டி நிறைந்திருந்தும் வராவிட்டால் அதிலிருந்து இறங்கும் குழாய் கசடால் அடைத்திருக்கலாம். அந்தச் செம்புக் குழாயில், சுடுநீர்க் குழாயோடு சேரும் இடத்தில் காந்தத்தை வைத்துப் பார்ப்போம். செம்பில் காந்தம் ஒட்டாது, ஒட்டினால் உள்ளே மேக்னடைட் நிறைந்திருக்கிறது. வாடகை வீடென்றால் இங்கிலாந்தில் ஹீட்டிங்கைப் பழுதுபார்ப்பது பொதுவாக 1985-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் (Landlord and Tenant Act) 11-ஆம் பிரிவுப்படி வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு, எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

நிச்சயமானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் போதாமல் காற்று வெளியே போகாது என்பது நிச்சயம். உங்கள் வீட்டில் நடப்பது அதுதான் என்பது என் பலமான ஊகம், அந்த இரண்டு விநாடி 'உஸ்'ஸை வைத்துச் சொல்கிறேன். கசிவா, விரிவுக் கலமா, ஹைட்ரஜனா என்பதை ஆளை நேரில் அனுப்பாமல் சொல்ல முடியாது. ஆறியபோது முள், சூட்டில் முள், டிஷ்யூ எந்தப் பக்கம் போனது, கிண்ணத்தில் என்ன நிறம் என்ற நான்கையும் எழுதினால் இன்னும் நெருக்கமாகச் சொல்ல முடியும். பாய்லரின் மூடியை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள், விரிவுக் கலமும் பாதுகாப்பு வால்வும் அதற்குள் இருப்பவை. வருபவரிடம் கேஸ் சேஃப் அட்டையை (எரிவாயு வேலைக்குப் பதிவு பெற்றவர்களின் அடையாள அட்டை) கேட்டு வாங்கி, பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், எந்த வகைக் கருவியில் வேலை செய்யத் தகுதி உண்டு என்பது அங்கேதான் இருக்கும்.

தானியங்கி வால்வு பற்றிக் கேட்டீர்கள். இப்போது போடாதீர்கள். அழுத்தம் குறையும்போது அது காற்றை வெளியே விடுவதற்குப் பதில் உள்ளே இழுக்கக்கூடும், நீங்கள் சாவியைத் திருப்பாமலே, இரவும் பகலும். முள் ஒரு மாதம் இறங்காமல் நின்ற பிறகும் கூரை அறையில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று சேர்ந்தால் அப்போது போடலாம், அதுவும் இன்ஹிபிட்டரைச் சோதித்த பிறகு.